சிக்ஸ்டியா, நைன்ட்டியா?

ஓர் ஆல்பம் எந்த ஆண்டுக்கு உரியது என்பதை எங்கள் விடுதியில் உறையின் பின்பக்கத்து எண்ணைப் பார்த்து முடிவு செய்ததில்லை. அது மெட்ராஸ் வந்து சேர்ந்து, கேசட் கடை அண்ணன் கைக்கு ஒரு பிரதி கிடைத்து, எங்கள் அறை டூ-இன்-ஒன்னில் ஏறிய மாதம்தான் கணக்கு. அமெரிக்காவில் மார்ச்சில் வந்தது எங்களுக்கு ஆகஸ்டில் வரும். நவம்பரில் வந்தது அடுத்த ஆண்டு மாம்பழக் காலத்தில் வரும். டிசம்பர் 31 இரவு, இந்த ஆண்டின் ராக் ஆல்பம் எது என்று நாங்கள் உட்கார்ந்து பேசும்போது, எங்களிடம் வந்து சேராத எதற்கும் அங்கே இடமில்லை.

தொலைவில் இருந்தவர்களின் சமாளிப்பு என்று இதை யாரும் ஒதுக்க வேண்டாம். தி கிளாஷ் குழுவின் 'லண்டன் காலிங்' இங்கிலாந்தில் 1979 டிசம்பரில் வந்தது. அமெரிக்காவில் 1980 ஜனவரியில். நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் இதழ் விமர்சகர்களைக் கேட்டு நடத்திய ஆண்டுத் தேர்வில் 1980-ன் முதலிடம் அதற்குத்தான் கிடைத்தது. ரோலிங் ஸ்டோன் இதழோ பின்னாளில் அதை எண்பதுகளின் தலைசிறந்த ஆல்பம் என்றே அறிவித்தது. அட்லாண்டிக்கைத் தாண்டச் சில வாரம் ஆனதால் ஓர் ஆல்பத்தின் ஆண்டும் மாறும், பத்தாண்டும் மாறும் என்றால், வங்கக் கடற்கரைக்கு வரச் சில மாதம் ஆனதற்கும் அதே நியாயம் உண்டு.

எங்கள் தேர்வுக்கு இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. ஆளுக்கு ஓர் ஆல்பம்தான். வில்லேஜ் வாய்ஸ் தேர்வில் ஒவ்வொரு விமர்சகருக்கும் 100 மதிப்பெண் கொடுத்து, பத்து ஆல்பங்களுக்குப் பங்கிடச் சொல்வார்கள்; ஒன்றுக்கு அதிகபட்சம் 30, குறைந்தபட்சம் 5. விமர்சகர் கையில் ஆண்டு முழுக்க வந்து குவிந்தவை இருக்கும், அவருக்கு அது பொருந்தும். எங்கள் அறையில் ஆண்டுக்குப் பத்து புது ஆல்பம் வந்தாலே பெரிய ஆண்டு. இரண்டாவது விதி கடுமையானது. பரிந்துரைப்பவன் அந்த ஆல்பத்தைக் கடைசிப் பாட்டு வரை கேட்டிருக்க வேண்டும். பாட்டுகளை வரிசை பிசகாமல் சொல்லவும் வேண்டும். "கடைசிப் பாட்டு என்னடா, சொல்லு" என்பதுதான் அந்த இரவின் முதல் கேள்வி.

கேசட் கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி வேறு. "தம்பி, சிக்ஸ்டியா, நைன்ட்டியா?"

சிக்ஸ்டி என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். நைன்ட்டி என்றால் 45. தமிழ்ப் பட கேசட்டில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் ஒரு படம் என்று கேட்டே வளர்ந்த எங்களுக்கு, நைன்ட்டியில் பக்கத்துக்கு ஓர் ஆல்பம் என்பது இயல்பாக வந்த யோசனை. ஒரு கேசட் காசில் இரண்டு ஆல்பம். எல்பி காலத்து ஆல்பங்கள் இதற்கு அழகாக ஒத்துழைத்தன. இசைத்தட்டில் பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம்தான் நல்ல ஒலியோடு அடங்கும் என்பதால் அவை பெரும்பாலும் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சிடி வந்த பிறகு 74 நிமிடம் இடம் கிடைத்தது. குழுக்கள் அந்த இடத்தை நிரப்பத் தொடங்கின. அந்த வீக்கத்தை நாங்கள் நேராகச் சந்தித்தது 1991-ல்.

அந்த ஆண்டை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. மார்ச்சில் ஆர்.இ.எம்.மின் 'அவுட் ஆஃப் டைம்'. ஆகஸ்டில் மெட்டாலிகாவின் கறுப்பு உறை ஆல்பம், அதே மாதக் கடைசியில் பேர்ல் ஜாமின் 'டென்'. செப்டம்பர் 17 அன்று கன்ஸ் அன் ரோசஸின் 'யூஸ் யுவர் இல்யூஷன்' இரண்டு பாகமும் ஒரே நாளில். அடுத்த வாரம் 24-ஆம் தேதி நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்', அதே நாளில் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் புது ஆல்பம். இங்கே தீபாவளிக்குத் 'தளபதி'யும் 'குணா'வும் சேர்ந்து வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தபோது, அங்கே யு2-வின் 'அக்டங் பேபி'. இவ்வளவும் ஒரே ஆண்டு.

இனி நிமிடக் கணக்கு. 'அவுட் ஆஃப் டைம்' 44 நிமிடம். ஏ பக்கத்தில் முழுதாக அடங்கி, ஒரு நிமிடம் மீதி இருக்கும். மெட்டாலிகா 62 நிமிடத்துக்கு மேல். சிக்ஸ்டியில் போட்டால் கடைசிப் பாட்டு 'தி ஸ்ட்ரகிள் விதின்' வெளியே நின்றுவிடும். 'யூஸ் யுவர் இல்யூஷன்' ஒவ்வொரு பாகமும் ஏறக்குறைய 75 நிமிடம். இரண்டுக்கும் இரண்டு நைன்ட்டி வேண்டும், அது எங்கள் மாதச் செலவில் பெரிய ஓட்டை. 'அக்டங் பேபி' 55 நிமிடம். ஒரே பக்கத்தில் பதிந்தால் பத்தாவது பாட்டான 'அல்ட்ராவயலட்' முடியும் தறுவாயில் டேப் தீர்ந்து, கடைசி இரண்டு பாட்டும் இல்லாமல் போகும்.

'நெவர்மைண்ட்' கதை இன்னும் விசித்திரம். அதன் பன்னிரண்டு பாட்டும் நாற்பத்திரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் சிடியில் கடைசிப் பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் வெறும் மௌனம் ஓடி, பிறகு 'எண்ட்லெஸ், நேம்லெஸ்' என்று பட்டியலில் இல்லாத ஒரு பாட்டு வெடிக்கும். முதலில் அச்சான பிரதிகளில் அது விடுபட்டும் போயிருந்தது. நைன்ட்டியின் ஒரு பக்கம் அந்த மௌனத்தின் நடுவிலேயே தீர்ந்துவிடும். கேசட்டில் கேட்டவர்களுக்கு அப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரிய வழியில்லை.

அதனால் கடை அண்ணன் எனக்கு முக்கியமான மனிதர். அவர் ராக் ரசிகர் கிடையாது. அவருக்கு இளையராஜாதான் எல்லாம். ஆனால் ஒரு பாட்டைப் பாதியில் அறுத்துக் கொடுப்பதை அவர் ஒப்பவே மாட்டார். 'அக்டங் பேபி' கேட்டு நான் போனபோது உறையைத் திருப்பி, சிறிய எழுத்து நிமிடங்களைப் பென்சிலால் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பக்கத்துல அடங்காது தம்பி. கடைசி மூணு பாட்டையும் பி பக்கத்துல மொதல்ல போட்டுத் தரேன். அறுத்தா பாட்டு பாவம்." 'அல்ட்ராவயலட்'டையும் சேர்த்துத்தான் மூன்று என்றார். அந்த மூன்றும் ஒரே தொடர்ச்சி என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு பாட்டு முழுதாக விழ வேண்டும் என்ற தொழில் நேர்மை, அவரை ஆல்பத்தின் முடிவு தொடங்கும் இடத்தில் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தியது.

1991 டிசம்பர் 31 இரவுக்கு வருகிறேன். அன்று எங்கள் கையில் இருந்தவை ஆர்.இ.எம்., மெட்டாலிகா, கன்ஸ் அன் ரோசஸ் முதல் பாகம், இன்னும் ஒன்றிரண்டு பழையவை. நிர்வாணாவின் பெயர் காதில் விழுந்திருந்தது, டேப் வரவில்லை. மெட்டாலிகாவுக்காகப் பேசியவன் திருநெல்வேலிக்காரன். ஒரு முழு நைன்ட்டியை அந்த ஆல்பத்துக்கே கொடுத்து, மீந்த இடத்தில் 'தளபதி' பாட்டுகளைப் பதிந்து வைத்திருந்தான். டிரம்ஸின் அந்த அகலமான ஒலியைப் பற்றி அவன் பேசியது எல்லாம் நியாயம். தயாரிப்பாளர் பாப் ராக் செய்த வேலை அது. கடைசிப் பாட்டைக் கேட்டதும் டக்கென்று சொன்னான். வரிசையும் பிசகவில்லை.

நான் 'அவுட் ஆஃப் டைம்' பக்கம் நின்றேன். எல்லோருக்கும் தெரிந்த 'லூசிங் மை ரிலிஜன்' மட்டும் காரணமில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் போக முடியாது. கிதார்க்காரர் பீட்டர் பக் மாண்டலின் பழகிக்கொண்டிருந்தபோது பிறந்த மெட்டு அது. ஒரு ராக் பாட்டை மாண்டலின் தாங்கி நிற்பது எங்களுக்குப் புதிது. அதன் வீடியோவை எடுத்தவர் ஜலந்தரில் பிறந்த தர்சேம் சிங். அந்த ஆண்டு எம்டிவியின் தலைசிறந்த வீடியோ விருது அதற்கே போனது. ஸ்டார் டிவியோடு எம்டிவி இங்கே எட்டிப் பார்த்த சமயத்தில், டிஷ் வைத்திருந்த ஒரு வீட்டில் நாங்கள் நின்றபடியே அதைப் பார்த்தோம். அந்தச் சட்டகங்களில் நம் ஊர்க் காலண்டர்ப் படங்களின் சாயல் இருப்பதாக அன்றே எங்களுக்குள் பேச்சு.

என்னை வென்றது அந்த ஆல்பத்தின் இரண்டாம் பாதி. 'ஹாஃப் எ வேர்ல்ட் அவே' வருகிறது. பிறகு 'டெக்சர்கானா', அதில் வழக்கமான மைக்கேல் ஸ்டைப்பின் குரல் விலகி, பேஸ் வாசிக்கும் மைக் மில்ஸ் பாடுகிறார். அடுத்து 'கண்ட்ரி ஃபீட்பேக்'. பெடல் ஸ்டீல் கிதார் பின்னால் இழுத்துக்கொண்டே போக, ஸ்டைப் பாடுகிறாரா, தனக்குள் பேசிக்கொள்கிறாரா என்று பிரிக்க முடியாத பாட்டு. அது முடிந்த நிலையில் கேட்பவனை அப்படியே விட்டுவிடாமல், 'மீ இன் ஹனி' ஒரே தாளத்தில் எழுந்து வந்து ஆல்பத்தை முடிக்கிறது. முதல் ஐந்து பாட்டு இருக்கும் பக்கத்துக்கு 'டைம்' என்றும், அடுத்த ஆறுக்கு 'மெமரி' என்றும் அவர்கள் பெயரே வைத்திருந்தார்கள் என்பதை, அசல் பிரதியைப் பார்க்கக் கிடைத்தபோதுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் நைன்ட்டியில் காலமும் நினைவும் ஒரே பக்கத்தில் ஒட்டி ஓடின.

விவாதம் விடியும் வரை நடந்தது. கையெண்ணிக்கையில் ஆர்.இ.எம். ஒரு கை கூடுதல். 1991 அதற்கே என்று அறைச் சுவரில் எழுதி வைத்தோம்.

அதே நேரத்தில் வெளியே என்ன நடந்தது என்பதும் சுவையானது. வில்லேஜ் வாய்ஸ் விமர்சகர்கள் 'நெவர்மைண்ட்'டைத் தேர்ந்தெடுத்தார்கள். லண்டனின் மெலடி மேக்கர் பிரைமல் ஸ்கிரீமின் 'ஸ்கிரீமடெலிகா'வை முதலிடத்தில் வைத்தது. ஸ்பின் இதழோ ஸ்காட்லாந்துக் குழுவான டீனேஜ் ஃபேன்கிளப்பின் 'பேண்ட்வாகனெஸ்க்'கை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்தது. ரோலிங் ஸ்டோன் 'நெவர்மைண்ட்' வந்த புதிதில் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்த இதழ். 2003-ல் எக்காலத்துக்குமான 500 ஆல்பங்களின் பட்டியலில் அதே ஆல்பத்தை 17-ஆம் இடத்தில் வைத்தது, 2020-ல் 6-ஆம் இடத்துக்கு உயர்த்தியது. பில்போர்டு பட்டியலில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்'ஸை இறக்கி 'நெவர்மைண்ட்' முதலிடம் பிடித்ததும் 1992 ஜனவரியில்தான். டிசம்பரில் தீர்ப்பு எழுதிய எவருக்கும் முழு ஆல்பமும் கையில் இருந்தது, முழுக் காலமும் இருக்கவில்லை.

'அக்டங் பேபி' எங்களுக்கு 1992-ன் ஆல்பம் ஆனது, எங்கள் விதிப்படி. ஜெர்மனி ஒன்றிணைந்த 1990 அக்டோபரில் பெர்லின் போய், மதில் நின்றிருந்த இடத்துக்கு அருகே ஹன்சா ஸ்டூடியோவில் ஒருவரோடொருவர் முட்டி மோதி யு2 குழுவினர் தொடங்கிய ஆல்பம் அது. அண்ணன் பிரித்துக் கொடுத்தபடி ஏ பக்கம் முடிந்து கேசட்டைத் திருப்பிப் போட்டால், 'அல்ட்ராவயலட்', 'அக்ரோபாட்', 'லவ் இஸ் பிளைண்ட்னஸ்'. கடைசிப் பாட்டில் குழுவின் கிதார்க்காரர் எட்ஜ் வாசிக்கும் கிதார், தன் மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்த ஒரு மனிதனின் கையிலிருந்து வருவது. அது வரை கேட்காதவர்கள் அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

இப்போது நிமிடக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. எந்த நாட்டில் எந்த நள்ளிரவில் வெளியானாலும் அதே நிமிடம் என் கைபேசியில் இருக்கிறது. அறுபதா தொண்ணூறா என்று யாரும் கேட்பதில்லை. எண்ணிக்கைதான் எல்லாவற்றையும் சொல்கிறது. விற்பனையைக் கடைக் கல்லாவிலேயே கணினியால் எண்ணும் முறையை பில்போர்டு தன் ஆல்பப் பட்டியலுக்குக் கொண்டுவந்ததும், பாருங்கள், 1991 மே மாதம்தான். அதற்கு முன் கடைக்காரர்கள் சொல்வதே கணக்கு. 2014 டிசம்பரில் செயலியில் கேட்பதையும் சேர்த்தார்கள். அன்றைய கணக்குப்படி, ஓர் ஆல்பத்தின் பாட்டுகள் 1,500 முறை ஓடினால் அது ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமமாக இருந்தது. ஒரே பாட்டு 1,500 முறை ஓடினாலும் அதே கணக்கு. 30 விநாடி ஓடினால் ஸ்பாடிஃபையில் ஒரு முறை. இந்தக் கணக்கில் கடைசிப் பாட்டுக்கு என்ன இடம் இருக்க முடியும்?

டிசம்பர் தொடக்கத்தில் என் மகள் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினாள். ஆண்டு முழுக்க அவள் கேட்டதைச் செயலி எண்ணி, வண்ணப் படங்களாக்கிக் கொடுத்திருந்தது. முதலிடத்தில் இருந்த ஆல்பத்தைக் காட்டி, "இதோட கடைசிப் பாட்டு எதும்மா?" என்று கேட்டேன்.

"கடைசின்னு எப்படிப்பா தெரியும்? அது முடிஞ்சா தானா வேற பாட்டு வந்துடுமே."

அவள் சொன்னது எனக்கு வலித்தது. டேப் தீர்ந்ததும் டூ-இன்-ஒன்னின் பொத்தான் டக்கென்று மேலே எழும்; ஆல்பம் முடிந்தது என்று வீட்டுக்கே தெரியும். இப்போது முடிவு என்ற ஒன்றையே கேட்பவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இதை நொந்துகொண்டவன் நான் மட்டுமில்லை. 2021 நவம்பரில் பாடகி அடேல் கேட்டுக்கொண்ட பிறகே, ஆல்பத்தைத் திறந்ததும் பாட்டுகளைக் கலைத்துப் போடும் வழக்கத்தை ஸ்பாடிஃபை கைவிட்டு, வரிசையாக ஓட வைத்தது. வரிசை என்பது இசையின் பகுதி. மார்கழியில் சபாவுக்குப் போகும் யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. வர்ணம் எங்கே, பிரதான ராகம் எங்கே, துக்கடா எங்கே, மங்களம் எங்கே என்பதில்தான் கச்சேரியின் உயிர் இருக்கிறது. நல்ல ராக் ஆல்பமும் அப்படி வைத்துக் கட்டியதுதான்.

சரி, இப்போது நான் எப்படித் தேர்ந்தெடுக்கிறேன்? பழைய விதியைத்தான் வைத்திருக்கிறேன். 2024 நவம்பர் 1 அன்று தி கியூர் குழுவின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' வந்தது. பதினாறு ஆண்டுக்குப் பிறகு அவர்களின் முதல் ஸ்டூடியோ ஆல்பம். எட்டே பாட்டு, 49 நிமிடம். எங்கள் விடுதி நாளில், 1992-ல், 'விஷ்' ஆல்பத்தோடு இங்கிலாந்துப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர்கள், இதோடுதான் மறுபடியும் அந்த இடத்துக்கு வந்தார்கள். பாடகர் ராபர்ட் ஸ்மித்துக்கு அப்போது வயது 65. பெற்றோரையும் அண்ணனையும் இழந்த பின் எழுதிய பாட்டுகள். பழைய இளைஞனாகத் தன்னைக் காட்டிக்கொள்ள ஒரு இடத்திலும் அவர் முயலவில்லை. பல பாட்டுகளை 2022, 2023 மேடைகளில் முதலிலேயே வாசித்துப் பழுக்கவிட்டு, பிறகுதான் ஆல்பமாக வெளியிட்டார்கள்.

கடைசிப் பாட்டின் பெயரே 'எண்ட்சாங்'. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. டிரம்ஸும் கிதாரும் ஆறு நிமிடத்துக்கு மேல் சுழன்று சுழன்று கனத்த பிறகே ஸ்மித்தின் குரல் நுழைகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நைன்ட்டியின் ஒரு பக்கத்தில் பதிந்திருந்தால், குரல் நுழையும் இடத்தை ஒட்டியே டேப் தீர்ந்திருக்கும். கடை அண்ணன் அந்தப் பாட்டை நிச்சயம் பி பக்கத்துக்குத் தள்ளியிருப்பார். 30 விநாடியில் எண்ணும் உலகத்தில், ஆறு நிமிடம் பாடாமல் இருக்கும் துணிச்சல் ஸ்மித்துக்கு இருக்கிறது.

நவம்பர் கடைசியிலேயே இதழ்களின் ஆண்டுப் பட்டியல்கள் வரத் தொடங்கின. நான் பொங்கல் வரை எடுத்துக்கொண்டேன். அதற்குள் மகளும் ஒரு மாலை என்னோடு உட்கார்ந்து, முதல் பாட்டான 'அலோன்' தொடங்கி 'எண்ட்சாங்' முடியும் வரை, கைபேசியைத் தொடாமல் கேட்டாள். முடிந்ததும் அடுத்த பாட்டு தானாக வராமல் இருக்க எந்தப் பொத்தானை அணைக்க வேண்டும் என்று அவளே தேடி அணைத்தாள். "இதுக்கு மேல வேற எதையும் கேக்க முடியாதுப்பா" என்றாள்.

2024-க்கு என் தேர்வு 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்'. 1991-க்கு இன்றும் 'அவுட் ஆஃப் டைம்'தான். அந்த ஆண்டில் வந்தவை எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டு முடித்த பிறகும் அதில் மாற்றமில்லை. நீங்களும் இந்த ஆண்டுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பத்து வேண்டாம், ஒன்று போதும். எண்ணிக்கையைச் செயலியிடம் விட்டுவிட்டு, தானாக ஓடுவதை அணைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். டிசம்பருக்குள் முடியவில்லை என்றால் தை பிறந்த பிறகு சொல்லுங்கள்.